இறக்கி வைத்த டிரம்பெட்

மாஸ்டர் அனுப்பிய டெம்ப்ளேட்டை முதல்முறை திறந்த அன்று நான் உலை வைத்து, அரிசி களைந்து போட்டு, சோறு வடித்து, ரசம் தாளித்துவிட்டு வந்து கம்ப்யூட்டரைப் பார்த்தேன். அப்போதும் அது திறந்து முடிக்கவில்லை. பாதியில் நின்றுகொண்டு திருதிருவென்று முழித்தது. மனுஷன் இதை வைத்துக்கொண்டா இத்தனை வருஷம் குப்பை கொட்டினார் என்று எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமில்லை.

மாஸ்டர் என்று நான் சொல்வது சென்னையில் இருக்கும் ஒருவரை. யாரோ போட்ட மெட்டை வாங்கி, இது வயலினுக்கு, இது புல்லாங்குழலுக்கு, இது டிரம்பெட்டுக்கு என்று பிரித்து எழுதிக் கொடுப்பது அவர் தொழில். பென்சிலில் கிறுக்கி, போனில் படம் பிடித்து அனுப்புவார். ஆலங்குடியில் உட்கார்ந்து நான் அதை ஸ்வரக்குறி எழுதும் நோட்டேஷன் சாஃப்ட்வேரில் ஏற்றி, அச்சுக்குத் தகுந்த மாதிரி சுத்தம் செய்து, கம்ப்யூட்டரையே வாசிக்கவைத்து, அந்த ஒலியையும் அவருக்கு அனுப்புவேன். திருச்சி கான்வென்ட்டில் பியானோ பரீட்சை எட்டாவது கிரேடு வரை எழுதியவள் நான். கல்யாணமாகி ஆலங்குடிக்கு வந்தேன், வீட்டுக்காரர் குவைத்துக்குப் போனார், நானும் மாமியாரும் பின்னால் ஒரு தென்னந்தோப்புமாக மிஞ்சினோம். பத்து வருஷமாக இந்த வேலைதான். போன வருஷம் வரைக்கும் உயிரோடு இருக்கும் ஒரு மனுஷன் என் முன்னால் உட்கார்ந்து நான் எழுதியதை வாசித்து நான் கேட்டது கிடையாது. அதுதான் என் ஆசையாக இருந்தது. வேறு எதுவும் பெரிதாக இல்லை.

டெம்ப்ளேட் என்றால் ஏதோ பெரிய மந்திரம் என்று நினைக்க வேண்டாம். எங்கோ ஒரு ஊரில் ஒரு வயலின்காரரை உட்காரவைத்து, ஒவ்வொரு ஸ்வரத்தையும் மெதுவாக, ஓங்கி, இழுத்து, வெட்டி, நரம்பைச் சுண்டி என்று வாசிக்கச் சொல்லி, அத்தனையையும் தனித்தனியாகப் பதிவு செய்து வைத்திருப்பார்கள். அதன் பெயர் சாம்பிள். நான் ஐந்து கோட்டில் ஒரு புள்ளி வைத்தால் சாஃப்ட்வேர் அந்தப் பதிவிலிருந்து ஒன்றை எடுத்து ஒலிக்கும். எந்தக் கோட்டுக்கு எந்த வாத்தியம், எந்தக் குறிக்கு எந்த வாசிப்பு, எது எவ்வளவு சத்தம் என்று முன்னாலேயே அடுக்கி வைத்த கோப்புதான் டெம்ப்ளேட்.

மாஸ்டர் அதை எப்படி அடுக்கியிருந்தார் என்கிறீர்கள்? அடுக்கினால்தானே. கையில் கிடைத்த சாம்பிளை எல்லாம் ஒரே கோப்பில் கொட்டி வைத்திருந்தார். முந்நூறு கோடுகளுக்கு மேல். ஹார்ப் மட்டும் மூன்று. மலைநாட்டில் ஆடு மேய்க்கிறவர்கள் ஊதும் ஏதோ ஒரு நீளக் கொம்பு வேறு. அதை அவர் எந்தக் காலத்தில் எந்தப் பாட்டுக்கு ஊதப் போகிறாரோ. நாலு வயலினும் ஒரு புல்லாங்குழலும் உள்ள சின்ன விளம்பரப் பாட்டுக்குக்கூட அத்தனையும் சேர்ந்துதான் எழுந்திருக்கும். ஒரு டம்ளர் டீ போடுவதற்குப் பரண்மேல் இருக்கும் கல்யாண அண்டாவை எல்லாம் இறக்குகிற கதை. இதில் கோப்புக்கு வைத்த பெயர்களைச் சொன்னால் சிரிப்பீர்கள். ஃபைனல். ஃபைனல் நியூ. ஃபைனல் நியூ ஒரிஜினல். இதுதான் ஃபைனல். இதுதான் ஃபைனலுக்கு அப்புறம் இன்னும் இரண்டு இருந்தன.

உள்ளே போனால் இன்னும் கூத்து. புள்ளியை வெட்டி வாசி என்று ஒரு குறி வைத்தால் வயலின் வெட்டும், வியோலா இழுக்கும், செல்லோ மட்டும் நரம்பைச் சுண்டும். மூன்றும் மூன்று கம்பெனிச் சாம்பிள், மூன்றுக்கும் குறிகளின் அர்த்தம் வேறு வேறு, அதை ஒருவரும் ஒழுங்கு செய்யவில்லை. எங்கே என்ன மாற்றினார், ஏன் மாற்றினார் என்று ஒரு வரி குறிப்பு கிடையாது. கேட்டால், அது அப்படியே பழகிப்போச்சும்மா என்பார். பழகிப்போச்சாம். செருப்பு கடித்தாலும் பழகிப்போகும்.

நான் மூன்று மாதம் உட்கார்ந்து அதைப் பிரித்தேன். வில் போடும் வாத்தியம் தனி, மரக்குழல் தனி, டிரம்பெட்டும் டிராம்போனும் சேர்ந்த பிராஸ் தனி, அடிக்கிற வாத்தியம் தனி. ஒவ்வொன்றும் ஒரு மாட்யூல், அதாவது தனித்தனியாகக் கழற்றி மாட்டக்கூடிய கோப்பு. நடுவில் ஒன்றுமே இல்லாத ஒரு கூடு. இன்றைய பாட்டுக்கு வயலினும் புல்லாங்குழலும் போதுமா, அந்த இரண்டை மட்டும் கூட்டில் மாட்டு. கொம்பு தேவைப்படுகிற அன்றைக்குக் கொம்பை எழுப்பு. சோறு வடிக்கும் நேரம் போய், தீக்குச்சி உரசும் நேரத்தில் திறந்தது. மாஸ்டர் போன் செய்து, பரவாயில்லையேம்மா என்றார். பரவாயில்லை! மூன்று மாத உழைப்புக்கு அவர் வாயில் வந்த வார்த்தை அதுதான்.

ஒவ்வொரு மாட்யூலுக்கும் ஒரு குறிப்புப் பெட்டி வைத்தேன். எதை மாற்றினோம், ஏன் மாற்றினோம், யார் சொல்லி மாற்றினோம், மூன்றையும் அதில் எழுதாமல் யாரும் ஒரு பொத்தானைத் தொடக்கூடாது. இது என் சட்டம். மாஸ்டரிடம் வேலை பார்க்கும் இன்னும் இரண்டு பேருக்கும் இதைப் போனிலேயே பாடம் எடுத்தேன். அதில் ஒருவர் ஒருமுறை குறிப்பு எழுதாமல் புல்லாங்குழல் சத்தத்தை ஏற்றிவிட்டார். அவரை நான் விட்ட டோஸில் அந்த மனுஷன் ஒரு வாரம் என் போனை எடுக்கவில்லை. நாலு வரி எழுதத் துப்பில்லாதவர்கள் எதற்குக் கம்ப்யூட்டரைத் தொடுகிறீர்கள் என்று கேட்டேன். கேட்டது சரிதான் என்று இன்றைக்கும் நினைக்கிறேன். ஆனால் அதைக் கேட்க எனக்கு என்ன யோக்கியதை இருந்தது என்பதுதான் இந்தக் கதை.

பிராஸ் மாட்யூலைச் சோதித்துப் பார்த்த நாள். காலை பதினொரு மணி இருக்கும். ஜன்னல் எல்லாம் திறந்திருந்தது. இரண்டு டிரம்பெட், மூன்று டிராம்போன், கூடவே பெரிய டிரம், எல்லாவற்றையும் முழுச் சத்தத்தில் திரும்பத் திரும்ப ஓடவிட்டேன். எந்தக் குறிக்கு எந்தச் சாம்பிள் வருகிறது என்று பார்க்க வேறு வழியில்லை. எங்கள் பக்கம் தெருவில் டிரம்பெட்டும் டிரம்மும் கேட்டால் இரண்டே அர்த்தம். ஒன்று கல்யாணம், இல்லையென்றால் சாவு. கல்யாணம் என்றால் பத்திரிகை வந்திருக்கும். பத்திரிகை வராமல் பேண்டு அடித்தால் என்ன என்று யாரும் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை.

எதிர்வீட்டு அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு கேட்டுக்குள் வந்துவிட்டார். வந்தவர் வாசலில் கம்பங்கூழைக் கையில் வைத்துக்கொண்டு நின்ற என் மாமியாரைப் பார்த்து அரண்டு போனார். அவரைச் சமாதானப்படுத்தி அனுப்பினால் பால்காரம்மா வந்தார். இரண்டு பேரோடு முடிந்திருந்தால் சிரித்துவிட்டுப் போயிருக்கலாம். தோப்பில் தேங்காய் எடுக்கும் வியாபாரி, விவரமான மனுஷன், கேள்வியே கேட்கவில்லை. கடைவீதியில் ரோஜா மாலை ஒன்று வாங்கிக்கொண்டு நேராக வண்டியில் வந்து இறங்கிவிட்டார். மாலையைப் பிடித்தபடி அவர் நின்றார். கூழைப் பிடித்தபடி என் மாமியார் நின்றார். பெரிய அறையில் டிராம்போன் ஓடிக்கொண்டிருந்தது.

மாமியார் கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் பதிலுக்கு இரண்டு பேசியிருப்பேன். உள்ளே வந்து என் நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, "நான் இருக்கறப்பவே கொட்டு வச்சிட்டியே ஆத்தா. அந்தச் சத்தத்தைக் கொஞ்சம் கொறச்சு வையி" என்றார்.

ஸ்பீக்கரின் குமிழ் என் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. அதைத் திருகியிருந்தால் விஷயம் முடிந்தது. ஆனால் நான் பெரிய இவளாயிற்றே. மொத்தச் சத்தத்தையும் குறைத்தால் வயலினும் குறையும், ஊரைக் கூட்டுவது பிராஸ் மட்டும்தானே, அதை மட்டும் குறைப்போம் என்று கணக்குப் போட்டேன். பிராஸ் மாட்யூலுக்குள் போய், சத்தத்தை ஏற்றி இறக்குகிற ஃபேடரைப் பிடித்துக் கிட்டத்தட்டத் தரை வரைக்கும் இழுத்தேன். அப்படியே சேமித்தேன். குறிப்புப் பெட்டியைத் திறந்தேன். என்ன எழுதுவது? மாமியாருக்கு மாலை வந்ததால் டிரம்பெட் இறக்கப்பட்டது என்றா எழுதுவது? மாஸ்டர் படிப்பார், அந்த இரண்டு பேரும் படிப்பார்கள், ஆலங்குடிக்காரியை வைத்து ஆறு மாதம் சிரிப்பார்கள். வெட்கமாக இருந்தது. பெட்டியைக் காலியாகவே மூடினேன். அந்த மாலையை மாமியார் சாமி படத்துக்குப் போட்டுவிட்டார்.

நாலு வருஷம் ஓடியது. நான் அதை மறந்தே போனேன். பொய் சொல்லவில்லை, சுத்தமாக மறந்துபோனேன். நடுவில் மாஸ்டர் இரண்டு மூன்று தடவை, பிராஸ் கொஞ்சம் அமுங்கிக் கேக்குதேம்மா என்றார். உங்கள் ஸ்பீக்கரைப் போய்ப் பாருங்கள் என்றேன். அவர் காதைப் பற்றியும் ஒரு வார்த்தை சேர்த்துச் சொன்னேன். நல்ல மனுஷன், ஸ்பீக்கரை மாற்றினார். அவருடைய பாட்டில் எங்கே ஓங்க வேண்டும், எங்கே அடங்க வேண்டும் என்று அவரே குறித்து அனுப்புவதால் தாளில் தப்பு வரவில்லை. அவர் குறித்ததை நான் காப்பியடித்தேன், வாசிக்கிறவர்கள் தாளைப் பார்த்து வாசித்தார்கள், யாருக்கும் எதுவும் தெரியவில்லை.

இதற்கிடையில் நானே ஒன்று எழுதினேன். நாலு நிமிஷம் வரும். மெட்டை வியோலாவுக்குக் கொடுத்தேன். வியோலா என்றால் கொஞ்சம் பெரிய வயலினா என்று கேட்பார்கள், அவ்வளவுதான் அதற்கு மரியாதை. வயலினுக்கு அடியில் கிடந்து நிரப்புகிற வேலையைத்தான் எல்லோரும் அதற்குக் கொடுப்பார்கள். எனக்கு அதன் குரல் பிடிக்கும். அந்த மெட்டைச் சமைக்கும்போது, துணி காயப்போடும்போது, தோப்புக்குத் தண்ணீர் திருப்பும்போது எல்லாம் முனகிக்கொண்டே ஒரு வருஷம் இழைத்தேன். வியோலாவுக்குப் பின்னால் டிரம்பெட்டும் டிராம்போனும் எங்கோ தூரத்தில் ஒலிக்க வேண்டும். மூன்று ஊர் தள்ளிக் கோயிலில் வாசிப்பது காற்றோடு வந்து போகுமே, அப்படி.

சத்தத்துக்குக் குறி இருக்கிறது. ஒரு எஃப் போட்டால் ஓங்கி வாசி. இரண்டு எஃப் போட்டால் இன்னும் ஓங்கி. மூன்று போட்டால் நெஞ்சில் இருக்கும் காற்றையெல்லாம் கொட்டு என்று அர்த்தம். டிரம்பெட்டுக்கு முதலில் ஒரு எஃப் போட்டேன். கேட்கவே இல்லை. இரண்டு போட்டேன், எங்கோ ஈ பறக்கிற மாதிரி இருந்தது. மூன்று போட்டேன். அடேயப்பா! வாத்தியம் உயிரைக் கொடுத்து ஊதுகிற பளபளப்பு, ஆனால் சத்தம் மட்டும் எங்கோ தூரத்தில். நான் நினைத்த அதே ஒலி. நாற்காலியை விட்டு எழுந்து அறைக்குள் நடந்தேன். சென்னையில் ஏசி அறையில் உட்கார்ந்திருக்கும் ஒருவருக்கும் தெரியாத ரகசியத்தை நான் கண்டுபிடித்துவிட்டேன் என்று நினைத்தேன். ஃபேடர் தரையோரம் கிடப்பதால் வந்த தூரம் அது என்று அப்போது என் மண்டைக்கு எட்டவில்லை.

போன வருஷம் மாஸ்டர் சென்னையில் ஒரு மேடைக் கச்சேரி வைத்தார். ஐம்பது பேர் கொண்ட ஆர்கெஸ்ட்ரா. ஒன்பது வருஷத்தில் முதல் தடவையாக அவரிடம் வாய் திறந்து ஒன்று கேட்டேன். என் நாலு நிமிஷத்தை வாசிக்கவைக்க முடியுமா என்றேன். யோசித்துவிட்டு ஒத்துக்கொண்டார். கச்சேரிக்கு முதல் நாள் ரிகர்சலில் கடைசி இருபது நிமிஷம் எனக்கு. பாட்டு சரியாக உட்கார்ந்தால் மறுநாள் மேடையில் வாசிப்பார்கள். உட்காரவில்லை என்றால் இல்லை. இதில் பேச்சுக்கு இடமில்லை என்றும் சொன்னார்.

அன்று மாலைக்குள் தெருவுக்கே தெரிந்துவிட்டது. மாமியார் வேலை. எம் மருமக எழுதுன பாட்டை அம்பது பேரு வாசிக்கப் போறாக என்று பால்காரம்மாவிலிருந்து தேங்காய் வியாபாரி வரைக்கும் சொல்லி முடித்தார். குவைத்துக்கும் போன் போட்டார். மாமியாருக்குப் பாட்டும் தெரியாது, நோட்டும் தெரியாது, எதற்கு இந்தப் பெருமை என்று எனக்கு எரிச்சலாக வந்தது. உள்ளுக்குள் குளிர்ந்தும் இருந்தது. இரண்டையும் சொல்லிவிடுகிறேன்.

புதுக்கோட்டையில் ரயில் ஏறிப் போனேன். ரிகர்சல் ஹாலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள் மகா கலைஞர்கள். ஒருவர் போனில் கிரிக்கெட் பார்த்தார். வயலின் வரிசையில் ஒரு அம்மா பிஸ்கட்டை டீயில் நனைத்துத் தின்றுகொண்டிருந்தார். ஓபோ என்கிற மரக்குழல் ஊதுகிறவர் கொட்டாவி விட்டார். இவர்களைவிட என் சாம்பிள்கள் எவ்வளவோ மேல், சொன்ன நேரத்துக்கு எழுந்திருக்கும், பிஸ்கட் கேட்காது என்று நினைத்துக்கொண்டேன். என் தாள்களை நானே விநியோகித்தேன்.  

மாஸ்டர் கையைத் தூக்கினார். முதல் இருபது பார், அதாவது இருபது தாளக்கட்டம், வியோலா மட்டும்தான். நாலே பேர். அவர்கள் வில்லை நரம்பில் வைத்த அந்த முதல் சத்தத்தில் நான் பக்கத்தில் இருந்த நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன். நாலு பேரும் ஒரே மாதிரி வாசிக்கவில்லை. ஒருவர் ஒரு நூல் முன்னால், ஒருவர் ஒரு நூல் பின்னால், ஒருவர் கொஞ்சம் தழைந்து. அதனால்தான் அது அப்படி இருந்தது. ஒன்பது வருஷமாக நான் அடுக்கி அடுக்கித் துடைத்து வைத்த எதுவும் அதன் கிட்டத்தில் வராது. என் அடுப்படி மெட்டு அந்த ஹாலில் நடந்துபோனது. என் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்ததில்லை. அது இருபது பார் இருந்தது.

இருபத்தொன்றாவது பாரில் பிராஸ் எழுந்தது. மூன்று எஃப். ஐந்து பேர், தாளில் போட்டபடி, நெஞ்சுக் காற்றையெல்லாம் கொட்டி ஊதினார்கள். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. வியோலாக்காரர்கள் வில்லை இழுப்பது கண்ணுக்குத் தெரிந்தது, காதுக்கு ஒன்றுமே வரவில்லை. பிஸ்கட் அம்மா காதைப் பொத்திக்கொண்டார். மாஸ்டர் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

முதல் டிரம்பெட்டில் அறுபது வயதுக்காரர் ஒருவர் இருந்தார். தலை நரைத்த, ஒடிசலான மனுஷர். தாளைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்து நின்றார். "மேடம், இது தூரத்துல கேக்கற மாதிரி வேணும்னு நெனைக்கறேன். வேணும்னா நாங்க அஞ்சு பேரும் கதவுக்கு வெளிய போய் நின்னு வாசிக்கறோம். மூணு எஃப் அப்படியே இருக்கட்டும்" என்றார். எங்கேயோ ஒரு வயலின் சிரித்தது.

அந்தச் சிரிப்புதான் என் காதில் விழுந்தது. அவர் சொன்னது விழவில்லை. கிராமத்திலிருந்து வந்த பொம்பளைக்கு எழுதத் தெரியவில்லை, நாங்கள் வெளியே போய்விடுகிறோம் என்று கிண்டல் செய்கிறார் என்றே எடுத்துக்கொண்டேன். முகம் சுட்டது. என் வாய் எனக்கு முன்னால் ஓடியது. "எழுதியிருக்கறதை, உக்காந்திருக்கற எடத்துலயே வாசிங்க. என் கம்ப்யூட்டர்ல சரியாத்தான் கேக்குது" என்றேன்.

 அவர் சரிங்க மேடம் என்று உட்கார்ந்தார். மறுபடியும் வாசித்தார்கள், அதே மாதிரி. மூன்றாவது தடவை வாசித்தபோது வியோலாவில் ஒருவர் வில்லை மடியில் வைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தார். வாசித்தாலும் கேட்காது, வாசிக்காவிட்டாலும் தெரியாது, அவரைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. இருபது நிமிஷம் முடிந்தது. எல்லா வாத்தியத்துக்கும் சேர்த்து எழுதிய ஸ்கோரை மாஸ்டர் மூடி என் கையில் கொடுத்தார். நாளைக்கு வேணாம்மா, அப்புறம் பார்ப்போம் என்றார். அந்த அப்புறம் எப்போது வரும் என்று எனக்குத் தெரியாதா என்ன.

கச்சேரிக்கு நிற்கவில்லை. ரயிலில் வரும்போது எல்லோரையும் திட்டித் தீர்த்தேன். ஹால் சரியில்லை. பிராஸ்காரர்களுக்கு மென்மை தெரியாது. மாஸ்டருக்குக் காது கிடையாது, அது எனக்கு ரொம்ப நாளாகத் தெரியும். வீட்டுக்கு வந்ததும் வாசலிலேயே மாமியார் கேட்டார். வாசிக்க நேரம் இல்லாமல் போய்விட்டது அத்தை என்று கூசாமல் சொன்னேன். அவர் என் பையை வாங்கி உள்ளே வைத்துவிட்டு, தோசை ஊற்றப் போனார்.

மூன்றாம் நாள் காலையில் கம்ப்யூட்டரைத் திறந்தேன். என் டெம்ப்ளேட் சரி, அவர்கள்தான் தப்பு என்று மாஸ்டருக்குப் படம் பிடித்து அனுப்புவது என் திட்டம். பிராஸ் மாட்யூலின் குறிப்புப் பெட்டியைத் திறந்தேன். துடைத்துவிட்டது போலக் காலி. மற்ற மாட்யூல்களில் பக்கம் பக்கமாக எழுதியிருக்கும் நான் இதில் மட்டும் ஏன் ஒன்றும் எழுதவில்லை என்று யோசித்துக்கொண்டே சத்த வரிசையைப் பார்த்தேன். எல்லா ஃபேடரும் நடுவில் நின்றன. பிராஸ் மட்டும் தரையோரம் கிடந்தது.

ரோஜா மாலை ஞாபகம் வந்தது.  குக்கர் விசில் அடித்து, மாமியார் போய் நிறுத்தினார். குறிப்பு எழுதாமல் புல்லாங்குழல் சத்தத்தை ஏற்றியவரை நான் திட்டிய திட்டு ஒவ்வொன்றாக ஞாபகத்துக்கு வந்தது. மாஸ்டர் வாங்கிய புது ஸ்பீக்கர் ஞாபகத்துக்கு வந்தது. ஃபேடரைப் பிடித்து, இருக்க வேண்டிய நடு இடத்தில் வைத்து, பாட்டை ஓடவிட்டேன். இருபத்தொன்றாவது பாரில் சென்னை ஹாலில் கேட்ட அதே சத்தம், துளி பிசகாமல், என் அறையில் எழுந்தது. கம்ப்யூட்டர் எனக்கு நாலு வருஷமாக உண்மையைச் சொல்லத் தயாராகத்தான் இருந்திருக்கிறது. அதன் வாயை அடைத்து வைத்தவள் நான். பிடிவாதத்தோடு மறுபடி மறுபடி ஓடவிட்டேன். எனக்கு அந்தத் தண்டனை வேண்டியிருந்தது.

கேட் சத்தம் கேட்டது. எதிர்வீட்டு அக்கா. முந்தானை வாயில். யாரு என்று அவர் கேட்பதற்கு முன்னால் என் மாமியார் வாசலுக்குப் போய்விட்டார். "யாரும் சாகல. எம் மருமக எழுதுன பாட்டு. மெட்ராஸுல வாசிக்க நேரம் பத்தலையாம், அதான் இங்க வாசிக்குது. உள்ள வந்து உக்காந்து கேளு" என்றார்.

என் பொய்யைத் தூக்கி நிறுத்தி அதற்கு நாற்காலியும் போட்டார். இரண்டு பேரும் உட்கார்ந்து, அந்த இடிச் சத்தத்தை முகம் கோணாமல் கேட்டார்கள். எதிர்வீட்டு அக்கா நல்லா இருக்கு என்று சொல்லிவிட்டு அவசரமாகக் கிளம்பிப் போனார். மாமியார் எழுந்திருக்கவில்லை. "ஆமா, நீ அடுப்படியில மொணங்கிக்கிட்டே இருப்பியே ஒரு பாட்டு, அது இதுல எங்கிட்டு இருக்கு? காணலையே" என்றார்.

பாட்டும் தெரியாது, நோட்டும் தெரியாது என்று நான் நினைத்தவர். ஒரு வருஷமாக அந்த மெட்டைக் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறார். எனக்கு அழுகை வந்துவிட்டது. நேரமெல்லாம் இருந்தது, வாசித்தார்கள், இப்படித்தான் கேட்டது, கெடுத்தது நான்தான் என்று சொன்னேன்.  அந்தச் சத்தத்தைக் கொஞ்சம் கொறச்சு வைக்க வேண்டியதுதானே ஆத்தா என்றார் அவர். அழுதுகொண்டே சிரித்தேன். ஏன் சிரிக்கிறேன் என்று அவருக்குப் புரியவில்லை, நானும் சொல்லவில்லை.

அவர் போன பிறகு பிராஸ் மாட்யூலின் குறிப்புப் பெட்டியைத் திறந்து, நாலு வருஷம் தாமதமாக, நடந்ததை நடந்தபடி எழுதினேன். சத்தம் இறக்கப்பட்டது. காரணம், மாமியாருக்கு மாலை வந்தது. சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். பிறகு என் ஸ்கோரைத் திறந்து, டிரம்பெட், டிராம்போன் கோடுகளுக்கு மேலே, கதவுக்கு வெளியே நின்று வாசிக்கவும் என்று எழுதினேன். மூன்று எஃப்பை அப்படியே விட்டேன். இனி அதை யார் வாசிக்கப் போகிறார்கள் என்று தெரியாது, ஆனாலும் எழுதினேன். யார் சொல்லி மாற்றினோம் என்றும் பக்கத்தில் போட வேண்டும், அது நான் போட்ட சட்டம். அந்த டிரம்பெட் மனுஷரிடம் பேரைக் கேட்டிருந்தால்தானே போடுவதற்கு.